நூறில் ஒரு பங்குக்காரன்

இந்தக் காலத்தில் யாரிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடிவதில்லை. மணி என்ன என்று கேட்டால் போனை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறான். வாயை வாடகைக்கா விட்டிருக்கிறான்? பஸ் எப்போது வரும் என்றால் எந்த வழியாக வரும் என்கிறான். ஆஸ்பத்திரியில் ஆள் பிழைப்பானா என்று கேட்டேன், என்னென்ன செய்தார்கள் என்று மூன்று பக்கத் தாள் கொடுத்தார்கள். மூன்றாவது பக்கத்தின் கடைசி வரியிலும் அவன் பிழைப்பானா என்று இல்லை. பதில் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான். எப்படி என்று சொல்லிக்கொண்டே இருந்தால் மாட்டமாட்டான்.

நான் நாற்பத்தெட்டு வருஷமாகத் தலைமுடி வெட்டுகிறவன். படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியாருக்கு முதுகு சொறிந்ததில் போயிற்று. ஆனால் யாராவது என்னை ஏமாற்றினால் வீட்டுக்குப் போவதற்குள் கண்டுபிடித்துவிடுவேன். அந்த அளவுக்குக் கணக்கு தெரியும்.

எங்கள் சலூனில் மூன்று நாற்காலி, மூன்று பங்கு. இடத்தை வாங்கும்போது பாதிப் பணம் நான் போட்டேன். மூன்றில் ஒரு பங்கு இடதுகையன் போட்டான். இடது கையால் வெட்டுகிறவன், அதனால் அந்தப் பெயர். வாடிக்கைக்காரர்களுக்கு முதல் தடவை பயமாக இருக்கும், இரண்டாம் தடவை அவன்தான் வேண்டும் என்பார்கள். ஆறில் ஒரு பங்கு போட்டவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். அவன் பெண்டாட்டி, எனக்குத் தங்கச்சி முறை, கல்லாவில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த பிறகுதான் கடனுக்கு முடி வெட்டிக்கொள்கிறவர்கள் குறைந்தார்கள்.

ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று கடையை இடித்துவிட்டார்கள். இழப்பீடு மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்று தாள் வந்தது. நாங்கள் மார்க்கெட் பின்பக்கம் ஒரு அறை பார்த்து வைத்திருந்தோம். அறைக்காரர் கேட்ட முன்பணம் மூன்றரை லட்சம். மாசக் கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் பொறுப்பேன், அதற்கு மேல் செல்போன் கடைக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அதுவரை பஸ் ஸ்டாண்டு காம்பவுண்டுச் சுவரில் கண்ணாடியைச் சாய்த்து, ஒரு ஸ்டூலைப் போட்டு வெட்டிக்கொண்டிருந்தோம். மழை வந்தால் பாதி வெட்டிய தலையோடு ஆள் ஓடிவிடுவான். மழை விட்டதும் எங்கள் ஆளைத் தேடிக்கொண்டு நாங்கள் ஓட வேண்டும். மீதியை வெட்டத்தான், காசு அப்புறம்.

இரண்டாம் தேதி மூன்று பேரும், இழப்பீட்டைப் பிரித்துக் கொடுக்கிற பங்கீட்டு அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் பெரிய பலகை: ‘முறையான பங்கீடே முழுமையான வாழ்வு.’ பலகையின் வலது ஓரம் உடைந்து விழுந்திருந்தது. முதல் ஜன்னலில் இருந்த குமாஸ்தாவுக்குப் பக்க வகிடு, காதுக்கு மேலே ஒரு பக்கம் தூக்கல், ஒரு பக்கம் இறக்கம். தன் தலையையே சரிபாதியாகப் பிரிக்காதவனிடம் பங்கு கேட்டு வந்திருக்கிறோமே என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

"பங்கு விவரம் சொல்லுங்க, பெரியவரே."

"எனக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். இவனுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். தங்கச்சிக்கு அறுபதாயிரம். கூட்டினா மூணு லட்சத்து அறுபதாயிரம். கூட்டிப் பாத்துக்குங்க."

கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை. பிறகு தாளைத் திருப்பித் தள்ளினார்.

"விடை சரி. வழிமுறை எங்கே?"

"என்ன வழிமுறை?"

"எப்படிப் பிரிச்சீங்க?"

"மனசுக்குள்ள."

"மனசுக்குள்ள பிரிச்சதை எந்தக் கோப்புல வைக்கிறது?"

இடதுகையன் முன்னால் வந்தான். அவனுக்கு நியாயம் பேச வராது, நல்ல யோசனை மட்டும் எப்போதாவது வரும். "சார், பிரிக்கவே வேணாம் சார். மூணு பேர் பணமும் ஒரே அறைக்காரர்கிட்டதான் போகப் போகுது. மொத்தமா ஒரே செக்கா குடுத்துடுங்க. உங்களுக்கும் வேலை மிச்சம்."

பக்க வகிட்டுக்காரர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, இது என்ன அலுவலகம்?"

"பங்கீட்டு அலுவலகம்."

"பிரிக்காம பணம் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. வேலையை மிச்சம் பண்ணவும் அதிகாரம் இல்லை. பங்கு பிரிக்கத் தெரியாதவங்க கையில பணம் போனா குடும்பம் உடையுது, அண்ணன் தம்பி வெட்டிக்கிறாங்க. அதனால பங்குதாரர்கள் எல்லாரும் பங்குக் கணக்குத் தேர்வு எழுதணும். அதுக்கு முன்னாடி மூணு நாள் வகுப்பு."

"நாங்க தினமும் கத்தியோடதான் சார் நிக்கிறோம்" என்றாள் தங்கச்சி. "இருபது வருஷத்துல ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கலை."

"அதுக்குச் சான்றிதழ் இருக்கா, அம்மா?"

இல்லை. வகுப்புக்குப் போனோம்.

வகுப்பு முதல் மாடியில். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. என் முழங்கால் தாடையில் முட்டியது. முப்பது பேர் இருந்தோம், எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. பயிற்சி கொடுக்க வந்த டீச்சரம்மாவுக்கு என் மருமகள் வயசுகூட இருக்காது. நல்ல பெண், முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதனால்தான் இந்த வேலையில் வைத்திருக்கிறார்கள் போல. கரும்பலகையில் எழுதினாள்:

‘ஒருவர் தம்மிடம் இருந்த பணத்தில் பாதியை மனைவிக்குக் கொடுத்தார். மீதியில் மூன்றில் ஒரு பங்கை மகனுக்குக் கொடுத்தார். அதன்பின் எஞ்சியதில் பாதியை நண்பருக்குக் கொடுத்தார். இப்போது அவரிடம் ஐயாயிரம் உள்ளது. எனில், முதலில் அவரிடம் இருந்த பணம் எவ்வளவு?’

நான் கையைத் தூக்கினேன். "டீச்சரம்மா, இந்த ஆளு எங்க இருக்கான்?"

"யாரு?"

"பணம் குடுத்த ஆளு. எவ்வளவு வச்சிருந்தோம்னே தெரியாம வாரி வாரிக் குடுத்திருக்கான். இப்ப நம்மகிட்ட வந்து கேக்குறான். பெண்டாட்டிகிட்டப் போய், நான் உனக்கு எவ்வளவு குடுத்தேன்னு கேட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடுமே. இதுக்கு எதுக்கு முப்பது பேரு மெனக்கெடணும்?"

"அப்படி ஒரு ஆள் இல்லை, ஐயா. இது கணக்கு."

"ஆள் இல்லைன்னா பணம் யாருது?"

பின்பெஞ்சில் இருந்த லாரி டிரைவர் ஒருவர், "அந்த நண்பருக்கு எதுக்குக் குடுத்தான்? ஏதோ வெளிய சொல்ல முடியாத விஷயம் இருக்கு" என்றார். வகுப்பு அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசியது. மனைவிக்குத் தெரிந்துதான் கொடுத்தானா என்பதில் இரண்டு கட்சியானது. டீச்சரம்மா டஸ்டரால் மேசையைத் தட்டினாள்.

"முப்பதாயிரம்மா" என்றேன். "கையில இருக்கறது அஞ்சு. நண்பருக்கும் அஞ்சு குடுத்திருக்கான், அப்ப பத்து. அது மூணுல ரெண்டு, அப்ப மகனுக்கு அஞ்சு. பதினஞ்சு. பெண்டாட்டிக்கும் அதே பதினஞ்சு. முப்பது."

அந்தப் பெண் யாராவது வருகிறார்களா என்று கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "ஐயா, தயவுசெஞ்சு தேர்வுல இப்படி எழுதிடாதீங்க" என்றாள்.

அவள் சொல்லிக்கொடுத்த முறை இது. முதலில், தெரியாத தொகையை எக்ஸ் என்று வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாத ஆளை நான் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை, நோட்டுக்குள் எதற்கு விட வேண்டும் என்றேன். விட்டால்தான் மதிப்பெண் என்றாள். அடுத்த வரியில் ‘எனவே’. அதற்கு அடுத்த வரியில் ‘ஆகையால்’. ஒவ்வொரு வரிக்கும் சமக் குறி ஒன்றுக்குக் கீழே ஒன்றாக நிற்க வேண்டும். கடைசியில் ‘விடை’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு. ஒரு கோடு போட்டால் அரை மதிப்பெண் போய்விடும்.

"விடைக்கு எத்தனை மதிப்பெண்ணும்மா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"பத்துல ஒண்ணு. வழிமுறைக்கு ஒன்பது."

பன்னிரண்டாம் தேதி தேர்வு. கேள்வி: ‘ஒரு வணிகர் தம் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கை மூத்த மகனுக்கும், மூன்றில் ஒரு பங்கை இளைய மகனுக்கும், மீதியை மகளுக்கும் கொடுத்தார். மகளுக்குக் கிடைத்தது பதினாறாயிரம் எனில் மொத்தப் பணம் எவ்வளவு?’

பதினைந்து கூறு போட்டுப் பார்த்தேன். பெரியவனுக்கு ஆறு, சின்னவனுக்கு ஐந்து, பெண்ணுக்கு நாலு. நாலு கூறு பதினாறு என்றால் ஒரு கூறு நாலு. அறுபதாயிரம். எழுதினேன். மிச்ச நேரம் நிறைய இருந்ததால் அதன் கீழே, ‘பெண்ணுக்குக் குறைத்திருக்கிறான், இவன் உருப்பட மாட்டான்’ என்றும் எழுதினேன்.

எனக்கு ஒரு மதிப்பெண்.

இடதுகையன் எக்ஸ் போட்டான், எனவே போட்டான், ஆகையால் நாலு இடத்தில் போட்டான். சமக் குறிகள் சிப்பாய் வரிசை மாதிரி நின்றன. கடைசியில் வணிகரிடம் மொத்தம் இருந்தது மைனஸ் நாலாயிரம் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான். வணிகரே கடன்காரர், அவர் கொடுத்த பதினாறாயிரத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்தாளோ. அவனுக்கு ஒன்பது.

தங்கச்சிக்கு ஆறு.

"அப்ப மூணு பேரும் சேந்து பதினாறு" என்றேன் ஜன்னலில்.

"அப்படிக் கூட்டக் கூடாது" என்றார் பக்க வகிடு. "மதிப்பெண்ணையும் பங்கு விகிதப்படிதான் எடுக்கணும். உங்களுக்குப் பாதிப் பங்கு. அதனால உங்க ஒண்ணுல பாதி, அரை. அவருக்கு மூணுல ஒண்ணு. ஒன்பதுல மூணு. அம்மாவுக்கு ஆறுல ஒண்ணு. ஆறுல ஒண்ணு. மொத்தம் நாலரை. தேர்ச்சிக்கு அஞ்சு வேணும். தோல்வி."

"அண்ணே, உங்களாலதான்" என்றான் இடதுகையன். வணிகரை நடுத்தெருவில் விட்டவன் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"வணிகர் கடன்காரன்னு எழுதினியேடா, உனக்கு வெட்கமா இல்லையா?"

"ஒன்பது வாங்குனவனுக்கு எதுக்கு அண்ணே வெட்கம்?"

பத்தொன்பதாம் தேதி மறுதேர்வு. எனக்கு மட்டும் வைத்தார்கள். இந்த முறை புத்தியோடு போனேன். அந்த எக்ஸை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். எனவே, ஆகையால், ஆதலால், எல்லாம் எழுதினேன். சமக் குறிக்கெல்லாம் ஸ்கேல் வைத்தேன். விடை என்று எழுதி இரண்டு கோடும் போட்டேன். விடையை மட்டும் எழுதவில்லை. நான் சரியான விடையை எழுதி, அது வழிமுறையோடு சண்டை போட்டு, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? மனுஷன் ஒரு தடவை பட்டால் போதாதா?

ஒன்பது மதிப்பெண். ஓரத்தில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

தேர்ச்சி பெற்றோம். இருபத்துமூன்றாம் தேதி கோப்பு கம்ப்யூட்டருக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

பக்க வகிட்டுக்காரர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "நாலாவது ஆள் எங்கே?"

"எந்த நாலாவது ஆள்?"

"உங்க நாலாவது பங்குதாரர்."

எங்களிடம் மூன்று நாற்காலிதான் இருந்தது என்று சொன்னேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். கம்ப்யூட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் புரியாதாம். நூறுக்கு எத்தனை என்றுதான் தெரியுமாம். எனக்கு நூறுக்கு ஐம்பது. இடதுகையனுக்கு முப்பத்துமூன்று. தங்கச்சிக்குப் பதினாறு. அதற்கு மேல் வருகிற சில்லறையை அது வெட்டிவிடும். நாங்களாவது கேட்டுவிட்டு வெட்டுவோம்.

"கூட்டினா தொண்ணூத்தொன்பதுதான் வருது. நூறுல ஒரு பங்கு, மூவாயிரத்து அறுநூறு, யாரோ ஒருத்தருக்குச் சேரணும். அவரு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் கோப்பு மூடும்."

"சார், அது இவன் பணமும் இவ பணமும்தான். இவனுக்கு ஆயிரத்து இருநூறு குறைச்சிருக்கீங்க. இவளுக்கு ரெண்டாயிரத்து நானூறு குறைச்சிருக்கீங்க."

"உங்க பங்கு முழுசா இருக்குல்ல பெரியவரே? அப்புறம் உங்களுக்கு என்ன?"

எனக்குக் கோபம் வந்தால் வலது கண் துடிக்கும். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். வராந்தாவில் நின்று நான் அவளுக்கு ஆயிரத்து எண்ணூறு தர வேண்டும் என்றேன். நட்டம் மூவாயிரத்து அறுநூறு, அதில் பாதி என் தலையில் விழுந்திருக்க வேண்டியது, அவள் தலையில் விழுந்திருக்கிறது.

"அண்ணே, எல்லாம் ஒரே அறைக்குப் போற பணம். முதல்ல அது வரட்டும். தேதி இருபத்துமூணு" என்றாள். அவள் சொன்னால் அவ்வளவுதான்.

அதன் பிறகு நாலாவது பங்குதாரருக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் போனது. எந்த முகவரிக்கு? இடித்த கடைக்கு. அங்கே இப்போது ரோடு. தபால்காரர் ரோலர் ஓட்டுகிறவனிடம் விசாரித்திருக்கிறார். ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வந்தது. இரண்டாவது கடிதம் போனது, அதுவும் வந்தது. மூன்றாவது கடிதத்தில், வகுப்புக்கு வராததற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். வருத்தம் தெரிவித்தும் இருந்தார்கள், உடல்நிலை சரியில்லையோ என்று. எனக்கு முழங்கால் வீங்கியபோது ஒருத்தரும் கேட்கவில்லை.

முப்பதாம் தேதி. மாசக் கடைசி. அறைக்காரர் காலையிலேயே இடதுகையனுக்கு போன் பண்ணிவிட்டார். செல்போன் கடைக்காரன் முன்பணத்தோடு அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறானாம், இரண்டு டீ குடித்துவிட்டானாம். ஐந்து மணி அடித்தால் சாவி அவனுக்கு. நாங்கள் மூன்று பேரும் ஜன்னலை எல்லாம் தாண்டி நேரே முதல் மாடியில் தலைமைப் பங்கீட்டாளர் அறைக்குள் போனோம். பியூன் தடுத்தான். அவனுக்குப் பஸ் ஸ்டாண்டு சுவரோரம் நான்தான் போன வாரம் வெட்டிவிட்டேன். கண்ணாடியில் தன் பிடரியைப் பார்த்த நன்றி அவனுக்கு இருந்தது. விட்டுவிட்டான்.

தலைமைப் பங்கீட்டாளருக்கு முடி கருகருவென்று இருந்தது. நெற்றியில் சாயம் ஒரு கோடு இறங்கியிருந்தது. அவரோடு பேசும்போது அதையே பார்க்காமல் இருப்பது எனக்குப் பெரிய கஷ்டம்.

"உட்காருங்க, பெரியவரே. உங்க கோப்பு இந்த அலுவலகத்துக்கே பெருமை" என்றார். "நாலு பங்குதாரர்ல மூணு பேர் தேர்ச்சி."

"ஐயா, நாலாவது ஆள் இல்லை. உங்க மிஷின் தப்பாக் கூட்டுது."

"மிஷின் தப்பாக் கூட்டாது. ரெண்டு இலக்கத்தோட நிறுத்திக்குது. மூணாவது இலக்கத்தைப் பார்க்க ஆரம்பிச்சா நாளைக்கு நாலாவதையும் பாருன்னு சொல்வீங்க. நிர்வாகம்னா எங்கேயாவது பார்க்கறதை நிறுத்தணும். இந்த அலுவலகம் ஆரம்பிச்சுப் பதினோரு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூடத் தப்பான பங்கு கொடுத்ததில்லை."

"சரியான பங்கு எத்தனை பேருக்குக் குடுத்தீங்க?" என்று தங்கச்சி கேட்டாள்.

"கொடுத்தாத்தானே அம்மா தப்பு நடக்கும்?" என்று அவர் சிரித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்களைக் குறை சொல்லலை. ஆனா உங்க நாலாவது பங்குதாரரைப் பாருங்க. எவ்வளவு தங்கமான மனுஷர்! ஒரு நாள் வந்து ஜன்னல்ல கத்தினதில்லை. ஒரு புகார் இல்லை. அவரோட கணக்குல ஒரு பிழை இல்லை. எல்லாரும் அவரை மாதிரி இருந்துட்டா இந்த அலுவலகம் எவ்வளவு நல்லா நடக்கும்!"

"அவரு வரவே இல்லைன்னா அவரு பணம் என்ன ஆகும்?"

"மீதிப் பிரிவுக்குப் போகும். ரெண்டாம் மாடி."

"அங்க என்ன பண்ணுவாங்க?"

"மீதியைப் பங்கிடுவாங்க."

"யாருக்கு?"

"அந்தப் பிரிவுல பதினாலு பேர் வேலை செய்யறாங்க இல்லையா? அவங்களுக்குச் சம்பளம் வேண்டாமா? மீதி வராம போயிட்டா பதினாலு குடும்பம் என்ன ஆகும்? நாங்க மனசாட்சி உள்ளவங்க, பெரியவரே."

இடதுகையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். தங்கச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே கால்.

சாயத்தலைக்காரர் ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். "ஒரே ஒரு வழி இருக்கு. நாலாவது பங்குதாரர் உயிரோட இருக்கார், இன்ன முகவரியில இருக்கார்னு மத்த மூணு பேரும் கையெழுத்துப் போட்டு உறுதி கொடுத்தா, அவர் பங்கை மட்டும் நிறுத்தி வச்சுட்டு உங்க மூணு பேர் செக்கையும் இப்பவே கொடுத்துடலாம். தயாரா இருக்கு. ஆனா பொய் சொன்னா மூணு வருஷம் ஜெயில். முகவரிக்கு ஆள் போய்ப் பார்க்கும்."

மூன்று செக்கையும் விசிறி மாதிரி விரித்துக் காட்டினார். மைகூட உலர்ந்திருந்தது.

"போட்டுடலாம் அண்ணே" என்று இடதுகையன் காதில் சொன்னான். "என் மச்சினன் முகவரியைக் குடுத்துடலாம். அவன் நூறுல ஒரு பங்குக்குக்கூட வேலை செய்ய மாட்டான், பொருத்தமா இருக்கும்."

"ஆள் வந்து பாத்தா அவன் உளறிடுவான். பொய்க் கையெழுத்து வேணாம்டா. இந்த வயசுல ஜெயில்ல போய், அங்க இருக்கறவனுக்கெல்லாம் மொட்டை போட்டுக்கிட்டு இருக்க முடியாது."

"அப்ப அறை போயிடும்" என்றாள் தங்கச்சி. குரலை உயர்த்தவில்லை. "இன்னொரு மழைக்காலம் அந்தச் சுவரோரம் நிக்க உங்க முழங்கால் தாங்காது அண்ணே. எனக்கும் வேற வேலை தெரியாது."

நான் படிவத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ‘நூறில் ஒரு பங்கைப் பெற உரிய நான்காம் நபர் உயிருடன் உள்ளார். அவர் வசிப்பது அல்லது பணி செய்வது கீழ்க்கண்ட முகவரியில்.’ இரண்டாவது தடவையும் படித்தேன். யோசித்தேன். அந்த மூவாயிரத்து அறுநூறு கடைசியில் யார் பைக்குள் போகப் போகிறதோ அவன்தானே அதற்குப் பங்குக்காரன்? அவன் உயிரோடு இல்லையா என்ன? நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறான்.

பேனாவை வாங்கி, என் கோணல் எழுத்தில் முகவரியை எழுதினேன்: மீதிப் பிரிவு, இரண்டாம் மாடி, பங்கீட்டு அலுவலகம். அடியில் இரண்டு கோடு போட்டேன். நாங்கள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். இதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. எந்தக் கோர்ட்டிலும் நான் நிற்பேன்.

சாயத்தலைக்காரர் படிக்கவில்லை. கீழே இரண்டு கோடு இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. பியூனைக் கூப்பிட்டு, "முகவரிக்குப் போய் ஆள் இருக்கானு பார்த்துட்டு வா" என்றார். பியூன் முகவரியைப் படித்தான், என்னைப் படித்தான், மாடிப்படி ஏறினான். நாலு நிமிஷத்தில் இறங்கி வந்தான்.

"இருக்காங்க, ஐயா. பதினாலு பேர் இருக்காங்க. ரெண்டு பேர் தூங்கறாங்க."

"கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன், ஐயா. உயிரோடதான் இருக்காங்க. தொட்டுப் பார்த்தேன்."

அவர் கம்ப்யூட்டரில் தட்டச் சொன்னார். முதல் தடவையாக அந்தப் பெட்டி நூறு என்று காட்டியது. பச்சை விளக்கு எரிந்தது. செக்குகளை எங்கள் கையில் கொடுத்தார். என் செக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கடித்துப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

பச்சை விளக்கு எரிந்த கையோடு அச்சு மிஷின் தானாகவே ஒரு தாளைத் துப்பியது. நாலாவது பங்குதாரருக்கு ஓலை. முகவரி கிடைத்துவிட்டதால் அவர் நாளைக் காலை ஒன்பது மணிக்கு மூன்று நாள் வகுப்புக்கு வர வேண்டும், தேர்வு எழுத வேண்டும், தேர்ச்சி பெறும் வரை அந்த முகவரிக்கு எந்தப் பணமும் போகக் கூடாது. எந்தப் பணமும் என்றால் எந்தப் பணமும்தான், சம்பளமும் சேர்த்து. சாயத்தலைக்காரர் இந்தத் தாளை முழுவதும் படித்தார். படிக்கப் படிக்க நெற்றியில் வியர்த்து, சாயம் இரண்டாவது கோடு இறங்கியது.

"பெரியவரே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நீங்க கேட்ட முகவரியை எழுதினேன்."

மாடியில் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. பியூன் தாளை எட்டிப் பார்த்துவிட்டு அதற்குள் மேலே போய் வாயை விட்டிருக்க வேண்டும். யாரோ ஒருத்தர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். மீதிப் பிரிவின் மூத்த அதிகாரியாம், முன்தலை வழுக்கை, பின்தலையில் அடர்த்தி. "நாங்க எதுக்கு சார் வகுப்புல உட்காரணும்?" என்று கத்தினார். "எங்க சம்பளத்தை நிறுத்த இந்த முடிவெட்டறவங்க யாரு?"

"மிஷின் சொல்லுது" என்றார் சாயத்தலைக்காரர், பாவம். "மிஷின் தப்பாச் சொல்லாது."

"பதினாலு பேருக்கும் சேர்த்து நூறுல ஒரு பங்கு சார்! ஆளுக்கு எவ்வளவுன்னு மிஷின் ரெண்டு இலக்கத்துல போட்டா பூஜ்யம்தான் சார் வரும்!"

"அப்ப அந்த மீதி யாருக்குப் போகும்?"

அவர்களுக்கு அது உண்மையாகவே பெரிய கேள்வி. ஐந்தாவது பங்குதாரர் என்று ஒருவர் இருக்கக் கூடும் என்று சாயத்தலைக்காரர் மெதுவாகச் சொன்னார். டீச்சரம்மாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் சாக்பீஸோடு வந்தாள், சுவரிலேயே எக்ஸ் என்று எழுத ஆரம்பித்தாள்.

எனக்கு அதற்கு மேல் அங்கே வேலை இல்லை. மூன்றே முக்கால். பாங்கு நாலு மணி வரை, அங்கிருந்து அறைக்காரர் வீடு பத்து நிமிஷம். தங்கச்சி முன்னால் நடந்தாள், இடதுகையன் அறைக்காரருக்கு போன் போட்டு, "இன்னொரு டீ வேணும்னா அவனுக்குக் குடுங்க, சாவியைக் குடுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன்.

"பெரியவரே!" என்று சாயத்தலைக்காரர் மாடிக் கைப்பிடியிலிருந்து குனிந்து கூப்பிட்டார். "ஒரு விஷயம் ஒத்துக்குங்க. இப்ப கூட்டினா நூறு சரியா வருதுல்ல? கணக்கு நேராயிடுச்சுல்ல?"

நான் நிற்கவில்லை. ஐம்பது, முப்பத்துமூன்று, பதினாறு என்று விரலில் எண்ணிக்கொண்டே வாசலைத் தாண்டினேன். தொண்ணூற்றொன்பது. திருப்பி எண்ணினேன். அதே தொண்ணூற்றொன்பது. அவர் இன்னும் மேலேயிருந்து நூறு, நூறு என்று கத்திக்கொண்டிருந்தார்.

கத்தட்டும். நான் நம்பவில்லை.